நாகசாகியில் ஒரு வெயில் நாள்

ஜப்பான் என்றதும் நம்மவர்க்கு நினைவில் எழுவது பனி போர்த்திய மலையும், வசந்தத்தில் பூத்துக் குலுங்கும் செர்ரி மரங்களுமே. நாட்காட்டிப் படங்கள் செய்த வேலை அது. ஆடி ஆவணியில் அந்நாட்டில் காயும் வெயிலை எந்த நாட்காட்டியும் நமக்கு அச்சிட்டுக் காட்டியதில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரொன்றில் பிறந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உப்பளத்து வெயிலோடு பழகிய எங்களுக்கே அது புதிதாக இருந்தது என்றால், பிறருக்கு நாங்கள் விரித்துரைக்க வேண்டியதில்லை. நம் ஊர் வெயில் சுடும். ஆனால் பிற்பகலில் கடற்காற்று வந்து ஆறுதல் சொல்லும். ஜப்பானின் கோடையோ ஈரத் துணியை அனலில் காட்டி முகத்தில் போர்த்துவது போன்றது. வியர்வை வழியும், உலராது. 2025 ஆகஸ்ட் 5-ஆம் நாள் அந்நாட்டின் இசெசாகி என்னும் நகரில் 41.8 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அங்கு அதுகாறும் அளந்தறிந்த வெப்பங்களில் அதுவே உச்சம். அதே மாதத்தின் பிற்பகுதியில்தான் நாங்கள் நாகசாகிக்குப் போனோம்.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஒருவர் கணக்கு, மற்றவர் தமிழ். ஒரே பள்ளியில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியதால் வீட்டிலும் 'சார்', 'டீச்சர்' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். எங்கள் மகன் தன் குடும்பத்தோடு ஃபுகுஓகா நகரில் வசிக்கிறான். இரண்டு மாத விடுமுறையாக அவனிடம் சென்றிருந்த நாங்கள், அவன் அலுவலகம் போன ஒரு வியாழக்கிழமையன்று, கையில் இரண்டு குடைகளும் ஒரு பையில் தயிர்ச் சோறுமாகப் புறப்பட்டோம். ஹகாதா நிலையத்திலிருந்து தகேயோ-ஒன்சென் வரை ஒரு விரைவு வண்டி. அங்கே அதே நடைமேடையின் மறுபக்கத்தில் காத்து நிற்கும் புதிய ஷின்கான்சென் வண்டி. 2022 செப்டம்பரில் திறக்கப்பட்ட இந்தப் பாதை 66 கிலோமீட்டர்தான். மலைகளைக் குடைந்த சுரங்கங்களின் வழியே இருளும் ஒளியுமாக மாறி மாறி ஓடி, மொத்தம் ஒன்றரை மணி நேரத்தில் நாகசாகியில் இறக்கிவிட்டது. வண்டிக்குள் மார்கழிக் குளிர்; வெளியே கால் வைத்ததும் அக்கினி நட்சத்திரம். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து இருவருக்கும் ஊரே தெரியவில்லை.

மலைகள் சூழ்ந்த நீண்ட விரிகுடாவின் ஓரத்தில் கிண்ணத்துக்குள் வைத்தாற்போல் அமைந்த ஊர் அது. அந்தக் கிண்ணத்துக்குள் வெயிலும் சேர்ந்து தங்கிவிடுகிறது. சில்வண்டுகளின் இரைச்சலை என்னென்பது! நம் ஊரில் இரவில் காட்டோரம் கேட்பது அங்கே பட்டப்பகலில், நடுத் தெருவின் மரத்தில், இரும்பை அரம் கொண்டு தீட்டுவது போல இடைவிடாமல் ஒலிக்கிறது. சாலை செப்பனிடும் தொழிலாளர்கள் இடுப்பின் இருபுறமும் சிறு மின்விசிறி பொருத்திய மேற்சட்டை அணிந்து, பலூன் போல் உப்பி நின்றார்கள். டீச்சருக்கு அதைக் கண்டு சிரிப்பு. சாருக்கோ, நம் ஊர் உப்பளத் தொழிலாளிக்கு இப்படியொன்று கிடைத்தால் என்ன என்ற ஏக்கம்.

நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் நிஷிசாகா குன்று. குன்று என்று பெயரேயன்றி இன்று அது படிகள் ஏறிச் சேரும் ஒரு மேடைதான். ஆனால் அந்தப் படிகளில் பாதி ஏறுமுன்பே டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்த அவ்வேளையில், குடையோடு இறங்கி வந்த ஒரு மூதாட்டி ஒரு சொல்லும் பேசாமல் தம் குடையை டீச்சரின் தலைக்கு மேல் பிடித்து நின்றார். பின்பு பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். அது உப்பு மிட்டாய். கோடையில் வியர்வையோடு போகும் உப்பை ஈடு செய்ய அங்கே முதியவர்கள் அதைக் கைவசம் வைத்திருப்பார்களாம். உப்பு விளையும் ஊரிலிருந்து போனவர்களுக்கு உப்புக் கொடுத்தவர் அவர்! எங்களுக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல்லாகிய 'அரிகாதோ'வை நாங்கள் மூன்று முறை சொன்னோம். அவர் மும்முறையும் தலை வணங்கிவிட்டுப் படியிறங்கிப் போனார். கால் மணி நேரம் கழித்து மேலே ஏறினோம்.

1597 பிப்ரவரி 5-ஆம் நாள், அந்நாட்டை ஆண்ட தொயோதோமி ஹிதேயோஷியின் ஆணைப்படி 26 கிறிஸ்தவர்கள் இக்குன்றில் சிலுவைகளில் கட்டப்பட்டு ஈட்டிகளால் குத்திக் கொல்லப்பட்டார்கள். கியோத்தோவில் அவர்களின் இடக் காதை அறுத்து, நடுக்குளிரில் ஏறத்தாழ ஒரு மாதம் நடத்தியே இங்குக் கொண்டு வந்தனர். அவர்களுள் பிரான்சிஸ்கு சபைத் துறவிகள் 6 பேர். இயேசு சபையினர் 3 பேர். எஞ்சிய 17 பேரும் பொதுநிலையினர். 12 வயதான லூயிஸ் இபாரகி, 13 வயதான அந்தோணி, 14 வயதான தோமாஸ் கொசாகி ஆகிய மூன்று சிறுவர்களும் அவர்களோடு உயிர் நீத்தனர். சிறுவன் லூயிஸின் மேல் இரக்கம் கொண்ட அதிகாரி, வேதத்தை விட்டுவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தாராம், பையன் இணங்கவில்லை. 1862-இல் திருத்தந்தை 9-ஆம் பத்திநாதர் இவர்களுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அதன் நூற்றாண்டாகிய 1962-இல் எழுப்பிய நினைவுச் சுவரில், சிற்பி ஃபுனாகோஷி யாசுதாகே வார்த்த 26 வெண்கல உருவங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. நிற்கின்றன என்பதும் தவறு. எவருடைய பாதமும் தரையில் ஊன்றவில்லை. விரல்கள் கீழ்நோக்கித் தொங்க, உடல்கள் மேலெழுவது போன்ற தோற்றம். நடுவே உயரம் குறைந்த மூன்று உருவங்களை யாரும் சுட்டிக் காட்ட வேண்டியதில்லை.

எங்கள் கண் தேடியது வேறொருவரை. இந்த 26 பேரில் ஒருவர் நம் நாட்டவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கொன்சாலோ கார்சியா, மும்பைக்கு வடக்கே உள்ள வசாயில் பிறந்தவர். தந்தை போர்த்துக்கீசியர்; தாய் கொங்கண நாட்டுப் பெண். இளமையில் இயேசு சபைக் குருக்களோடு ஜப்பான் சென்று அம்மொழியைத் தெளிவுறக் கற்றார். பின்பு வாணிபம் செய்தார். மணிலாவில் பிரான்சிஸ்கு சபையில் குருவல்லாத சகோதரராகச் சேர்ந்து, 1593-இல் மொழிபெயர்ப்பாளராக மீண்டும் ஜப்பான் வந்தார். பெரும் பதவி எதுவும் வகித்தவரல்லர். பிறர் பேச்சை இருபுறமும் கொண்டு சேர்த்தவர், அவ்வளவே. அவர் உருவத்தின் கீழ் எங்கள் நிழலுக்கு இடம் தேடி நின்றோம். வெண்கலம் அனலாய்க் கொதித்தது. உறைபனிக் காலத்தில் நடந்து வந்தவர்களின் நினைவிடத்தை உச்சி வெயிலில் காண நேர்ந்ததைப் பற்றி டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சு வாங்கியதால் விட்டுவிட்டார். பக்கத்து அருங்காட்சியகத்தில் குளிர்சாதன வசதி உண்டு. பக்தியோடு போனோமா குளிருக்குப் போனோமா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

நாகசாகியில் 1915 முதல் டிராம் வண்டி ஓடுகிறது. எங்கு ஏறி எங்கு இறங்கினாலும் ஒரே கட்டணம். இறங்கும்போது ஓட்டுநர் அருகிலுள்ள பெட்டியில் சில்லறையைப் போட வேண்டும். எங்கள் காலத்துச் சென்னையில் டிராம் நின்று போயிருந்தது; கதையாகக் கேட்டதை எழுபதை நெருங்கும் வயதில் கண்ணால் கண்டோம். சீனர் தெருவருகே இறங்கி, ஒரு சிறு உணவகத்தில் நிழலுக்காக நுழைந்தோம். மீன், இறால், பன்றி இறைச்சி, முட்டைக்கோசு எல்லாம் இட்டுக் கொதிக்க வைத்த 'சாம்பொன்' என்னும் நூடுல்ஸ் அவ்வூரின் பெருமை. வெயிலுக்கு உகந்ததா என்று கேட்காதீர்கள். தயிர்ச் சோறு பையில் இருந்தும், கடைக்காரர் முன் அதைத் திறக்கக் கூசி, ஆவி பறக்கும் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்தோம். அவர் எங்கள் நிலை கண்டு குளிர்ந்த வாற்கோதுமைத் தேநீரைக் கேளாமலே நான்கு முறை நிரப்பினார்.

அங்கே ஒரு பேச்சு. ரொட்டிக்கு ஜப்பானியர் சொல்லும் சொல் 'பான்'. இலங்கையில் உள்ள எங்கள் உறவினர் அதையே 'பாண்' என்பார்கள். சட்டைப் பொத்தானுக்கு அவர்கள் 'போதான்' என்கிறார்கள். பழைய ஜப்பானியத்தில் குருவானவர் 'பாதெரென்'; நமக்குப் 'பாதிரி'. எல்லாம் போர்த்துக்கீசியர் கப்பலில் இறங்கிய சொற்கள். அச்சொற்களோடு இறங்கியவர்களில் ஒருவர் நம் புனித சவேரியார். முத்துக்குளித் துறையில் நம் பாட்டன்மாரின் பாட்டன்மார்க்கு மணியடித்துச் செபம் சொல்லிக் கொடுத்த அவர், 1547-இல் மலாக்காவில் அஞ்சிரோ என்னும் ஜப்பானியரைச் சந்தித்து, 1549 ஆகஸ்ட் 15-இல், தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, ககோஷிமாவில் கரை இறங்கினார். நம் தமிழில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578. ஜப்பானில் இயேசு சபையினரின் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது 1590-க்குப் பின். 'அப்படியானால் நாம் மூத்தவர்கள்' என்றார் டீச்சர். தமிழாசிரியர்கள் எங்கே போனாலும் இந்தக் கணக்கை மட்டும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள்.

பிற்பகல் ஒரு மணிக்கு ஓவுரா ஆலயத்துக்கு ஏறும் சரிவில் இருந்தோம். இருபுறமும் கடைகள், வாசலில் கஸ்தெல்லா என்னும் கேக்கைத் துண்டு போட்டுச் சுவைக்கக் கொடுக்கிறார்கள். அதுவும் போர்த்துக்கீசியர் வழி வந்ததே. மேலே, வெள்ளைச் சுவரும் கூரிய கோபுரமுமாக ஆலயம். பிரெஞ்சுக் குருக்கள் அந்நியர்களின் வழிபாட்டுக்கென 1864-இல் கட்டி முடித்து, அந்த 26 மறைசாட்சிகளுக்கு அர்ப்பணித்தது. ஜப்பானியர் கிறிஸ்தவராய் இருப்பது அப்போதும் குற்றமே. 1614-இல் நாடெங்கும் விதித்த தடை அது. கிறிஸ்துவின் அல்லது அன்னையின் உருவம் பொறித்த தகட்டை ஆண்டுதோறும் மிதித்துக் காட்ட வேண்டும். கடைசிக் குருவும் மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின், 1865 மார்ச் 17-ஆம் நாள் நண்பகலில், உராகாமி என்னும் சிற்றூரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்ப்பவர் போல் வாசலில் வந்து நின்றார்கள். பெத்திஜான் என்னும் குருவானவர் கதவைத் திறந்து, உள்ளே சென்று பீடத்தின் முன் முழந்தாளிட்டார். பெண்கள் சிலர் அருகில் வந்து மண்டியிட்டார்கள். ஒருத்தி நெஞ்சில் கை வைத்து, தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள். பின்பு, மாதா சொரூபம் எங்கே என்று கேட்டாள்.

அந்தச் சொரூபம் இன்றும் வலப்பக்கப் பீடத்தில் இருக்கிறது. பெரிதன்று. வெளியிலிருந்து வந்தவர் கண் பழகச் சிறிது நேரம் ஆகும். வண்ணக் கண்ணாடி வழியே வந்த ஒளி தரையில் சிவப்பும் நீலமுமாய்க் கிடந்தது. பழைய கட்டடமாதலால் உள்ளேயும் வெக்கைதான். டீச்சர் வெகுநேரம் முழந்தாளில் இருந்தார். காலையில் மயங்கி உட்கார்ந்தவர் ஆயிற்றே என்று சாருக்குக் கவலை.

பக்கத்தில் பழைய குருமடத்தையும் ஆயர் இல்லத்தையும் சேர்த்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். குருவில்லாத அந்த ஏழு தலைமுறைகள் எப்படி நடந்தன என்பதை அங்கே அறியலாம். ஊருக்கு ஒருவர் திருநாள் கணக்கு வைத்திருப்பார். ஒருவர் ஞானஸ்நானம் கொடுப்பார். ஒருவர் செய்தி சொல்லிவருவார். பௌத்தக் கன்னோன் சிலையை மாதாவாக எண்ணி வணங்கினார்கள். ஏடு இல்லை, எழுதி வைத்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே தாய் மகளுக்கும் தந்தை மகனுக்கும் வாய்வழியே செபங்களைச் சொல்லி வைத்தார்கள். 'ஒராஷோ' என்று அவற்றுக்குப் பெயர். லத்தீனச் சொல் நாவில் உருண்டு அப்படி ஆயிற்று. லத்தீனமும் போர்த்துக்கீசியமும் ஜப்பானியமும் கலந்த அச்சொற்களின் பொருள் பல இடங்களில் மறந்து போயிற்று. ஆனால் ஓசை நின்றது. இகித்சுகித் தீவில் இன்றும் மிகச் சிலர் அதை ஓதுகிறார்கள்.

இங்கேதான் எங்களுக்குள் மூன்று வாரமாய்ப் புகைந்துகொண்டிருந்தது பற்றிக்கொண்டது. எங்கள் பேரனுக்கு வயது ஏழு. அங்கேயே பிறந்தவன். நாம் தமிழில் கேட்டால் ஜப்பானியத்தில் விடை சொல்வான். புதுநன்மைக்கு முன் அவனுக்குத் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்று டீச்சர் வந்த நாள் முதல் மாலைதோறும் அவனை இழுத்து உட்கார வைத்தார். பையன் இரண்டு நாள் உட்கார்ந்தான்; மூன்றாம் நாள் அழுதான். 'விட்டுவிடுங்கள் அம்மா, ஒரு சொல்லும் புரியாமல் அவன் என்ன செபிப்பான்?' என்றான் மகன். சாரும் மகன் பக்கமே பேசினார். அதிலிருந்து வீட்டில் இரவுச் செபம் பெரியவர்களோடு நின்றுவிட்டது. பையன் அறையில் படம் பார்த்துக்கொண்டிருப்பான். டீச்சர் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அவர் பேசாமலிருப்பது பேசுவதைவிடக் கடுமையானது என்பது அவர் வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஒராஷோ பற்றிய அந்தக் கண்ணாடிப் பேழையின் முன் நின்று டீச்சர் கேட்டார்: 'சார், உங்கள் அம்மா நற்கருணை ஆசீர்வாதத்தில் தாந்தும் எர்கோ பாடினார்களே, அவர்களுக்கு லத்தீன் தெரியுமா?'

'தெரியாது. கையெழுத்தே போடத் தெரியாது.'

'அது செபம் இல்லையா?'

சார் உடனே விடை சொல்லவில்லை. பிறகு, 'டீச்சர், அம்மாவைச் சுற்றி ஊரே பாடியது. இவனைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? இதோ இவர்களைப் பாருங்கள். தடை நீங்கிய பிறகும் இவர்களில் ஒரு பகுதியினர் திருச்சபைக்குத் திரும்பவே இல்லை. மூதாதையரின் ஓசையே போதும் என்று ஒதுங்கி நின்றுவிட்டார்கள். பொருள் தேய்ந்தால் அப்படியும் நேரும்' என்றார்.

'திரும்பியவர்களும் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டுதானே திரும்பினார்கள்?'

இருவர் சொன்னதும் உண்மை. காவலர் வந்து, பேச்சைக் குறைக்குமாறு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். வாழ்நாளெல்லாம் பிறரை அப்படி அடக்கியவர்கள் நாங்கள். அடங்கி வெளியே வந்தோம்.

வாசலில் ஒரு மூதாட்டி சிறு மணியை ஆட்டிக்கொண்டு பனிக்கூழ் விற்றார். தகட்டுக் கரண்டியால் இதழ் இதழாய் வைத்து அதை ரோஜாப் பூவைப் போலவே செய்து கொடுத்தார். சர்க்கரை நோயுள்ள சாருக்கு டீச்சர் இரண்டு இதழ் மட்டும் அனுமதித்தார். பேச்சு வார்த்தை மீண்டும் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

உராகாமி, ஊரின் வடபகுதி. ஓவுராவுக்கு வந்து நின்றவர்களின் ஊர். அவர்கள் வெளிப்பட்டதற்குக் கிடைத்த பரிசு நாடு கடத்தல். 1867-இல் தொடங்கிய கைதுகளின் முடிவில் 3,000-க்கும் மேற்பட்டோர் ஊர் ஊராய்ச் சிதறடிக்கப்பட்டு, அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். 1873-இல் தடை நீங்கித் திரும்பியவர்கள், முன்பு தங்களை உருவத்தை மிதிக்கச் செய்த ஊர்த்தலைவரின் மனையையே வாங்கி, 1895 முதல் செங்கல் செங்கலாய் அடுக்கி, 1914-இல் பேராலயத்தை முடித்தார்கள். 1945 ஆகஸ்ட் 9, காலை 11 மணி 2 நிமிடத்துக்கு அணுகுண்டு வெடித்தது அந்த ஆலயத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில். விண்ணேற்புத் திருநாளுக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருந்தவர்களும் குருக்களும் அங்கேயே மாண்டார்கள். அப்பங்கின் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் இறந்தனர். ஆண்டு முடிவதற்குள் நகரில் இறந்தோர் தொகை 74,000 அளவு என்கிறார்கள். இரு நூற்றாண்டுத் தடையால் அழிக்க முடியாத பங்கு அது. அதை அழித்த குண்டைச் செய்ததும் வீசியதும் கிறிஸ்தவர்கள் மிகுந்த ஒரு நாடு என்பதை எண்ணாமல் அந்தத் தெருவில் நடக்க முடியாது.

மாலை நான்கு மணிக்கு நாங்கள் சென்று நின்றது நியோகோதோ என்னும் குடிசையின் முன். ஆறடி நீளம், ஆறடி அகலம். இரண்டு பாய் விரித்தால் நிறைந்துவிடும் ஓர் அறை. கதிரியக்க மருத்துவர் தகாஷி நாகாய் 1948 முதல் 1951 மே முதல் நாள் இறக்கும் வரை தம் இரு குழந்தைகளோடு இதில் வாழ்ந்தார். மாணவராக இருந்தபோது அவர் தங்கியிருந்த வீடு, ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் தலைமைக் குடும்பமாகிய மொரியாமா வீடு. அவ்வீட்டு மகள் மிதோரி. நாகாய் 1934-இல் பவுல் மிகியின் பெயரால் ஞானஸ்நானம் பெற்று, அவ்வாண்டிலேயே மிதோரியை மணந்தார். ஓயாத எக்ஸ்-கதிர்ப் பணியால் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று 1945 ஜூனில் தெரிந்தது. கணவரே முதலில் போவார் என்று இருவரும் எண்ணியிருந்தார்கள். குண்டு விழுந்தபோது மருத்துவக் கல்லூரியில் படுகாயமுற்றுப் பிழைத்த அவர், நோயாளிகளைக் கவனித்துவிட்டு மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். அடுக்களை இருந்த இடத்தில் மிதோரியின் எலும்புகள் கிடந்தன. அருகில் உருகிய செபமாலை. பாட்டியோடு வெளியூரில் இருந்த குழந்தைகள் பிழைத்தனர்.

படுத்த படுக்கையாக அவர் எழுதிய நூல்கள் விற்ற பணத்தில் பெரும்பங்கு ஊருக்கே போயிற்று. உராகாமியின் கரிந்த மண்ணில் ஆயிரம் செர்ரிக் கன்றுகள் நட்டார். பிள்ளைகளுக்கு ஒரு நூலகம் வைத்தார். ஹெலன் கெல்லர் 1948-இல் இந்தக் குடிசைக்கு வந்து அவரைக் கண்டார். நோயால் அவர் மண்ணீரல் பெருத்து, மோதினாலே வெடிக்கும் நிலையில் இருந்ததால், சிறுமி கயானோ தந்தையின் மேல் ஓடிவந்து விழக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தார்களாம்.

குடிசைக்குள் யாரும் போக முடியாது. வெளியில் நின்றே பார்க்க வேண்டும். வெயில் சாய்ந்து அறைக்குள் விழுந்தது. நாங்கள் திருமணமாகி நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆனவர்கள். இருவரில் யார் முந்துவது என்ற பேச்சு எங்களிடையே வேடிக்கையாக வருவதுண்டு. அன்று வரவில்லை. டீச்சர் தம் கைக்குட்டையை நனைத்து சாரின் பிடரியில் வைத்தார். அவ்வளவுதான்.

பேராலயம் 1959-இல் மீண்டும் கட்டப்பட்டது. உள்ளே ஒரு சிற்றாலயத்தில், இடிபாட்டிலிருந்து போரிலிருந்து திரும்பிய ஒரு துறவி கண்டெடுத்த மாதா சொரூபத்தின் தலை மட்டும் இருக்கிறது. மரத் தலை, கன்னத்தில் கரி, கண்ணாடி விழிகள் போய்க் கருங்குழிகள். அழகிய சொரூபங்களைக் கண்டு பழகிய நமக்கு ஏறிட்டுப் பார்க்கவே துணிவு வேண்டும். பார்த்தோம். வெளியே வந்து சரிவில் இறங்கினால், அன்று பறந்து விழுந்த மணிக்கூண்டின் பெருந்துண்டு விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. இரண்டு மணிகளில் ஒன்று உடைந்தது. மற்றதை நாகாயும் பங்கு மக்களும் தோண்டி எடுத்து 1945 கிறிஸ்துமஸ் இரவில் ஒலித்தனர். எண்பது ஆண்டுகள் அது தனியே ஒலித்தது. அணுகுண்டுத் திட்டத்தில் பணிபுரிந்த மருத்துவர் ஒருவரின் பேரனாகிய அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் நோலன் முன்னின்று, அமெரிக்கக் கத்தோலிக்கரிடம் பொருள் திரட்டி இரண்டாம் மணியைச் செய்து கொடுக்க, 2025 ஆகஸ்ட் 9-ஆம் நாள் 11 மணி 2 நிமிடத்துக்கு இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

ஆறு மணிக்கு மூவேளைச் செபத்துக்கு மணி அடித்தது. சரிவில் ஏறிக்கொண்டிருந்த பள்ளிப் பெண்ணொருத்தி சைக்கிளை நிறுத்தி நின்றாள். நாங்களும் நின்று தமிழில் சொன்னோம். சில்வண்டுகள் நிற்கவில்லை.

திரும்பும் வண்டியில், பையிலிருந்த தயிர்ச் சோற்றை ஒருவழியாகத் திறந்தோம். புளித்துத்தான் போயிருந்தது, உண்டோம். சார் மெதுவாகச் சொன்னார்: 'டீச்சர், செபத்தை நீங்கள் சொல்லுங்கள். அவன் எழுத்தில் அவனே எழுதட்டும். பொருளை அவன் அப்பன் ஜப்பானியத்தில் சொல்லட்டும். அதற்கு மட்டும் நேரமில்லை என்று அவன் சொல்லக்கூடாது.' டீச்சர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சுரங்கம் கடந்த பிறகு, 'சரி' என்றார்.

சனிக்கிழமை மாலை மகன் கைபேசியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். பையன் புதுக் குறிப்பேடும் பென்சிலுமாய் வந்தான். டீச்சர் சொல்லச் சொல்ல, கொக்கி கொக்கியான அவன் எழுத்தில் எழுதினான். ஒவ்வொரு வரிக்கும் அவன் தந்தை நின்று, யோசித்து, பொருள் சொன்னான். இரண்டிடத்தில் அவனுக்கே பொருள் சொல்ல வரவில்லை, சாரிடம் கேட்டான். முடிந்ததும் பையன் எழுந்து நின்று உரக்கப் படித்தான். 'அருள்' அவன் எழுத்தில் 'அருரு' ஆகியிருந்தது. 'வாழ்க' என்பது 'வாருகா'. நம் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் அந்த எழுத்தில் இடமே இல்லையாம். டீச்சர் நாக்கை மடித்துக் காட்டினார், அவன் மடித்தான், வரவில்லை, இருவரும் சிரித்தார்கள். பிறகு டீச்சர் எழுந்து போய், வீடு முழுவதும் ஒரு சிவப்புப் பேனாவைத் தேடத் தொடங்கினார்.